வகுப்பறையில் அரசியல்: வாசகர் கேள்வி – பதில்

கருத்துவேற்றுமை கடுமையாக உள்ள அரசியல் பொருள்களைக் கல்லூரி மாணவர்கள் பேசப் பழக்குவது எப்படி என்று கேட்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இவ்விதழில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்ற பொருளில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடையே ஒரு விவாதம் நடத்தினேன். “யாரும் எதையும் சொல்லலாம், ஆனால் நடுநிலையோடும் மரியாதையோடும் பேசுங்கள்” என்று சொல்லித்தான் தொடங்கினேன். சிறிது நேரத்திலேயே நான்கைந்து பேர் குரலை உயர்த்தினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வகுப்பு முடிந்தபோது ஒருவருடைய கருத்தும் மாறியிருக்கவில்லை. நெருங்கிய நண்பர்கள் இருவர் பேசிக்கொள்வதை நிறுத்தியதுதான் மிச்சம். இத்தகைய பொருள்களைத் தொடாமலே இருப்பது நல்லதா? — அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியர்

பதில்: தொடாமல் இருப்பது நல்லதன்று. ஆனால் தாங்கள் தொடங்கியது போலத் தொடங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். தங்கள் மாணவர்களின் குணத்தை அதற்குக் குறைசொல்ல வேண்டியதில்லை. “நடுநிலையோடு இருங்கள்” என்ற அறிவுரைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை, தாங்கள் எடுத்துக்கொண்ட அதே மரண தண்டனையை வைத்து உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேரும் எதிர்க்கும் மாணவர்கள் 24 பேரும் கலந்துகொண்டார்கள். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்று காட்டும் ஓர் ஆய்வும், குறைக்கவில்லை என்று காட்டும் ஓர் ஆய்வும் (இரண்டுமே சோதனைக்காகப் புனையப்பட்டவை) எல்லோருக்கும் படிக்கக் கொடுக்கப்பட்டன. ஒரே தாள்களைப் படித்த இரு சாராரும் தமக்கு இசைவான ஆய்வை நேர்த்தியானது என்றும், இசையாததை ஓட்டைகள் நிறைந்தது என்றும் மதிப்பிட்டு, வந்தபோது இருந்ததைவிடத் தம் கருத்தில் இறுகியிருப்பதாகத் தெரிவித்தார்கள். இரு பக்கச் சான்றுகளையும் காட்டிவிட்டால் மாணவர் தாமாக நடுவுக்கு வருவார்கள் என்று நம்பும் ஆசிரியர்கள் இந்த முடிவை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரஸ்டனோடு சேர்ந்து 1984இல் வெளியிட்ட தொடர் ஆய்வு இன்னும் பயனுள்ளது. அதில் ஒரு பிரிவினரிடம், நீதிபதியைப் போல இயன்றவரை நடுநிலையோடு மதிப்பிடுங்கள் என்று கூறியபோது சாய்வு குறையவே இல்லை. மற்றொரு பிரிவினரிடம், இதே முறையில் நடந்த இதே ஆய்வு எதிர்மாறான முடிவைத் தந்திருந்தால் அதையும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று அடிக்கடி தம்மைக் கேட்டுக்கொள்ளச் சொன்னபோது சாய்வு பெருமளவு நீங்கிவிட்டது. ஆகவே, மாணவர்களிடம் ஒரு மனநிலையை வேண்டிக்கொள்வதைக் காட்டிலும், அவர்கள் கையில் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுப்பதே பலன் தரும் என்று நான் கருதுகிறேன்.

அந்த வேலைக்கு ஒரு நல்ல வடிவத்தை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் 1970களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்திருக்கிறார்கள். வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு நால்வரையும் இரண்டு இணைகளாக்கி, ஓர் இணைக்கு ஆதரவுத் தரப்பையும் மற்றதற்கு எதிர்ப்புத் தரப்பையும் ஆசிரியரே ஒதுக்க வேண்டும். மாணவரின் சொந்தக் கருத்து என்ன என்று அப்போது கேட்கக் கூடாது. இணைகள் படித்துத் தயாராகி, ஒன்றன்பின் ஒன்றாகத் தம் தரப்பை எடுத்துரைத்து, கேள்வி கேட்டு மறுத்த பிறகு, தரப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இறுதியில் நால்வரும் தரப்புகளைக் கைவிட்டு, தங்களுக்குள் எதில் உடன்பாடு, எது உண்மையிலேயே விடையில்லாமல் நிற்கிறது என்று ஒரே தாளில் சேர்ந்து எழுத வேண்டும். இதற்கு இரண்டு வகுப்புகளாவது தேவைப்படும். ஒரு மணி நேரத்தில் அடக்கப் பார்ப்பவர்கள் வெட்டுவது பெரும்பாலும் தரப்பு மாறும் கட்டத்தைத்தான், அதை வெட்டினால் பயிற்சியில் சாரம் இருக்காது.

தரப்பு மாறும் கட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள்: எதிர்த்தரப்பார் “ஆம், நாங்கள் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை யாரும் மறுக்கத் தொடங்கக் கூடாது. நான் பார்வையாளனாக அமர்ந்திருந்த ஒரு வகுப்பில், மரண தண்டனையை எதிர்க்கும் மாணவி ஒருவர் ஆதரவாளர் வாதத்தைச் சொல்ல எழுந்து, “பழிவாங்கும் உணர்ச்சிக்கு அரசு துணைபோக வேண்டும் என்கிறார்கள்” என்றார். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றான் எதிரில் இருந்த மாணவன். அவர் தம் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மிகக் கொடிய குற்றத்துக்கும் மற்றக் குற்றங்களுக்கும் ஒரே தண்டனை என்றால், கொல்லப்பட்டவரின் உயிரை அரசு மலிவாக மதித்ததாக ஆகும் என்கிறார்கள்” என்று மாற்றினார். “பாதி சரி. உள்ளே போனவன் ஒருநாள் வெளியே வந்து சாட்சி சொன்னவர்களைத் தேடுவான் என்ற பயத்தையும் சேர்த்துக்கொள்” என்றான் அவன். முந்தைய அரைமணி நேரப் பேச்சில் அந்தப் பயம் ஒருமுறைகூட வெளிப்பட்டிருக்கவில்லை. நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை, சொல்லுமிடத்தில் ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவே’ என்பதையும் ஒன்றாக வைக்கிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்று நிறுத்திக் காட்டி, அதன் பிறகே களைய வேண்டும் என்ற இந்த ஒழுங்கு நூல் எழுதுபவருக்குச் சொல்லப்பட்டதாயினும் விவாதிப்பவருக்கும் பொருந்தும்.

படிக்கக் கொடுக்கும் தாள்களில் இரு தரப்புக்கும் சங்கடமான செய்தி ஒன்றேனும் இருக்கட்டும். மரண தண்டனையைப் பொறுத்தவரை அத்தகைய ஆவணம் தயாராகவே இருக்கிறது: அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, அதுவரை நடந்த ஆய்வுகளைக் கொண்டு மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றோ, கூட்டுகிறது என்றோ, எந்த விளைவும் இல்லை என்றோ சொல்ல முடியாது என்றும், கொள்கை முடிவுகளுக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்றும் கூறியது. இதைப் படித்த பிறகு இரு தரப்பினரும் தங்களுக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரத்தைக் கீழே வைத்துவிட்டு, நீதி, தவறான தீர்ப்பு, அரசின் அதிகாரம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் ஆகிறார்கள்.

பேசாமல் போன நண்பர்களை அழைத்துச் சமாதானம் செய்ய முயல வேண்டாம். அடுத்த பயிற்சியில் இருவரையும் ஒரே இணையாக உட்கார வைத்து, இருவருக்குமே பிடிக்காத ஒரு தரப்பை ஒதுக்குங்கள்.

கேள்வி: முதல் வாரத்திலேயே சூடான பொருளை எடுக்கலாமா? — ஆங்கிலத் துறை விரிவுரையாளர்

பதில்: வேண்டாம். கருத்துவேற்றுமைக்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் யாருடைய குடும்பமும் சமயமும் கட்சியும் நேரடியாக உரசப்படாத பொருளாக இருக்க வேண்டும். கட்டாய வாக்குப்பதிவு இதற்கு ஏற்றது. ஆஸ்திரேலியா 1924இல் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு அதைச் சட்டமாக்கியது. 1922 தேர்தலில் 60 விழுக்காட்டையும் எட்டாத வாக்குப்பதிவு 1925இல் 91 விழுக்காட்டைக் கடந்தது. உரிமையைக் கடமையாக்கலாமா என்ற கேள்வியில் வகுப்பு உடனே இரண்டாகப் பிரியும், ஆனால் யாருக்கும் காயம் படாது.

அங்கே இன்னொரு பழக்கத்தையும் தொடங்கி வைக்கலாம். ஏன் ஆதரிக்கிறாய் என்று கேட்பதற்கு முன், அது எப்படி நடைமுறையாகும் என்று படிப்படியாக விளக்கச் சொல்லுங்கள்: வாக்களிக்காதவரை எப்படிக் கண்டறிவது, நோயாளியும் பயணத்தில் இருப்பவரும் என்ன செய்வது, தண்டம் கட்ட மறுப்பவரை அடுத்து என்ன செய்வது? பிலிப் ஃபெர்ன்பாக்கும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கொள்கை செயல்படும் விதத்தை விளக்கச் சொன்னபோது மக்கள் தங்கள் அறிவைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள், கருத்திலும் கடுமை தணிந்தது. கடுமை தணிவதைப் பிற்காலச் சோதனைகள் எல்லாம் அதே அளவில் காட்டவில்லை என்பதால் அதை நம்பிப் பாடத்தை அமைக்க வேண்டாம். தனக்குத் தெரியாதது எது என்று மாணவர் கண்டுகொள்வதே இந்தப் பயிற்சிக்குப் போதுமான காரணம்.

கேள்வி: மாணவர்கள் என் அரசியல் கருத்தைக் கேட்கிறார்கள். மறைத்தால் கோழைத்தனம் போலவும், சொன்னால் பிரசாரம் போலவும் தோன்றுகிறது. — சமூகவியல் பேராசிரியர்

பதில்: இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் நகரில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், கட்சி அரசியலுக்கு வகுப்பறையில் இடமில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். பொதுக்கூட்டத்தில் பேசுபவரை எதிர்த்துக் கேட்க ஆள் உண்டு. வகுப்பில் ஆசிரியர் பேசுவார், மாணவர் தம் படிப்புக்காக அங்கே இருந்தாக வேண்டும், எதிர்த்துச் சொல்ல வழியும் இல்லை. அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது பொறுப்பற்ற செயல் என்பது அவர் வாதம். ஆசிரியரின் முதல் வேலை, மாணவர் தம் கட்சிக்கு வசதியற்ற உண்மைகளை ஒப்புக்கொள்ளக் கற்றுத்தருவது என்றும், வசதியற்ற உண்மைகள் எல்லாக் கட்சிக்கும் உண்டு, தமக்கும் உண்டு என்றும் அவர் சேர்த்துச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேபரின் அச்சம் நியாயமானது. ஆயினும் முற்றிலும் மறைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மதிப்பெண் போடும் அதிகாரம் உள்ளவர் முதலிலேயே கருத்தைச் சொன்னால் மாணவர் அதற்கேற்ப எழுதுவார்கள் என்பதால், அவர்கள் தங்கள் நிலைப்பாட்டை எழுதிக் கொடுக்கும்வரை காத்திருங்கள். பிறகும் கேட்டால், தங்கள் கருத்தையும் அதற்கு எதிராகத் தாங்கள் அறிந்த மிக வலிமையான வாதத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பகுதி தங்களுக்கு வராது என்றால் முதல் பகுதியையும் சொல்லாமல் விடுவதே நல்லது.

நேரடியாகச் சொல்லப்படும் கருத்தைவிடக் கசிந்து வெளிவரும் கருத்தே எனக்குக் கவலை தருகிறது. டயானா ஹெஸ், பவுலா மெக்காவோய் இருவரும் அமெரிக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2015இல் எழுதிய நூலில் இந்தக் கசிவைத் தனியாகவே சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரு தலைவரின் படம் திரையில் தோன்றும்போது உதட்டோரம் வரும் சிரிப்பு, ஒரு கட்சியின் பெயரை உச்சரிக்கும் தொனி, எடுத்துக்காட்டுகளில் ஊழல் செய்பவர் எப்போதும் ஒரே பக்கத்தவராக இருப்பது ஆகியவற்றை மறுத்துப் பேச மாணவருக்கு வாய்ப்பே இல்லை. அந்தக் கட்சிக்கு வாக்களித்த வீட்டிலிருந்து வரும் மாணவர் மட்டும் அன்றோடு வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிடுவார்.

கேள்வி: எல்லாப் பிரச்சினைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று எங்கள் துறைத்தலைவர் வலியுறுத்துகிறார். அறிவியல் பாடம் நடத்தும் நான் இதை ஏற்க வேண்டுமா? — இயற்பியல் ஆசிரியர்

பதில்: ஏற்க வேண்டியதில்லை. மனிதச் செயல்களால் புவி வெப்பமடைந்திருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமற்றது என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் அறிவித்தது. அதை ஆதரவு, எதிர்ப்பு என்று பிரித்து விவாதம் நடத்துவது மாணவரைத் தவறாக வழிநடத்துவதாகும். கரியமில வாயுவுக்கு வரி விதிப்பதா, உச்சவரம்பு வைப்பதா, அணுமின்சாரத்தைக் கூட்டுவதா, யார் எவ்வளவு சுமையை ஏற்பது என்பன திறந்த கேள்விகள், அவற்றை விவாதியுங்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று கருத வைத்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தடுப்பூசியைச் சட்டத்தால் கட்டாயமாக்கலாமா என்பதோ இன்றும் நேர்மையான கருத்துவேற்றுமைக்கு உரியது.

ஓர் எச்சரிக்கை: தமக்கு உறுதியாகத் தோன்றுவதையெல்லாம் முடிந்த கேள்வி என்று அறிவித்துவிடும் ஆசை ஆசிரியர்களுக்கு உண்டு. அந்தத் துறையில் உழைப்பவர்கள் தங்கள் அரசியல் சாய்வைக் கடந்தும் ஒத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். அப்படி ஒப்புதல் இல்லாத இடத்தில், தங்கள் உறுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது திறந்த கேள்விதான்.

கேள்வி: என் வகுப்பில் பெரும்பாலோர் ஒரு கருத்தினர், நான் மட்டும் வேறு. பேசினால் கைப்பேசியில் பதிவு செய்து பரப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்றாண்டுகளாக வாயே திறக்கவில்லை. இது என் குறையா? — முதுகலை மாணவி

பதில்: உன் குறை இல்லை, அம்மா. எலிசபெத் நோயல் நியூமன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1974இலேயே இதை விளக்கியிருக்கிறார்: தம் கருத்து சிறுபான்மை என்று உணர்பவர் மௌனமாகிறார், அந்த மௌனத்தால் அக்கருத்து இருப்பதைவிடச் சிறிதாகத் தோன்றுகிறது, அதைக் கண்டு அடுத்தவரும் மௌனமாகிறார். உன்னைப் போலவே எண்ணி வாயடைத்திருப்பவர்கள் அந்த வகுப்பில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், முன்பே சொல்லிவைக்கப்பட்ட மற்ற எல்லோரும் கோடுகளின் நீளத்தை வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் தவற்றோடு ஒத்துப்போனது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது.

இனிச் சொல்வது உன் ஆசிரியர்களுக்கு. முதலில் கை தூக்கியவரைப் பேசவிடும் பழக்கத்தைக் கைவிட்டு, எல்லோரும் ஐந்து நிமிடம் எழுதிய பிறகே பேச்சு தொடங்க வேண்டும். பெயரில்லாத அட்டைகளில் கருத்தை எழுதி வாங்கி, கலைத்துப் போட்டு, வேறொருவர் எழுதியதை ஒவ்வொருவரும் உரக்கப் படிக்கச் செய்தால், ஒருமுகமாகத் தோன்றிய வகுப்பில் எத்தனை வகை எண்ணங்கள் இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். செலவே இல்லாத இந்தச் சீர்திருத்தத்தைக்கூட நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை.

பதிவு செய்தல் பற்றிய பயத்துக்கு, லண்டனின் சாத்தம் ஹவுஸ் நிறுவனம் 1927இல் வகுத்த விதி உதவும்: கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. கைப்பேசிகள் மேசையிலோ பையிலோ இருக்க, இந்த விதி பாடத்திட்டத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தரப்பை ஆசிரியரே ஒதுக்கும் முறைக்கும் இங்கே ஒரு கூடுதல் பயன் உண்டு: “அது எனக்குக் கொடுக்கப்பட்ட தரப்பு” என்று சொல்லிக்கொள்ள மாணவருக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. இவை எதுவும் இல்லாத வகுப்பில் நீ மௌனமாக இருந்தால், அதற்காக உன் மதிப்பெண்ணைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: நான் அகதிக் குடும்பத்தில் பிறந்தவன். குடியேற்றம் பற்றி வகுப்பில் விவாதம் வரும்போதெல்லாம், நாங்கள் இருக்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடப்பது போலிருக்கிறது. ஆசிரியரோ “உன் அனுபவத்தைச் சொல்” என்று என்னையே எழுப்புகிறார். — இளங்கலை மாணவர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் தெரிகின்றன; இரண்டும் ஆசிரியரால் திருத்தக்கூடியவை. முதலாவது, கேள்வியை அமைத்த விதம். “குடியேறிகள் நாட்டுக்கு நன்மையா, தீமையா?” என்று கேட்டால், எதிரில் அமர்ந்திருப்பவர் தம் இருப்புக்கே வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. கனடா 1967இல் கொண்டுவந்த புள்ளிமுறையைப் போலக் கல்வியையும் திறனையும் அளந்து ஆட்களை ஏற்பதா, குடும்பத்தோடு சேர வருபவருக்கு முன்னுரிமை தருவதா, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை சொல்லும் துன்புறுத்தல் அச்சத்தோடு பருவநிலை மாற்றத்தால் வீடிழந்தவரையும் சேர்ப்பதா என்று கேட்டால், கருத்துவேற்றுமை அப்படியே இருக்கும். ஆனால் வகுப்பிலிருக்கும் எவருடைய மனித மதிப்பும் பேசுபொருள் ஆகாது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த விரும்பும் மாணவருக்கும் இதுவே நல்லது; மனத்தில் உள்ளதைச் சொன்னாலே வெறுப்பாளர் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்று அவர் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒருவரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாக்குவது. உங்கள் அனுபவம் உங்களுடையது. விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் யாரும் கேட்கக் கூடாது. அடுத்த முறை எழுப்பினால், “இன்று படிக்கக் கொடுத்த தாளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்” என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவாகாது. ஆசிரியர்கள் செய்யக்கூடியது, இத்தகைய பொருள் வரும் வாரத்தை முன்கூட்டியே அறிவிப்பதும், யாருக்கு எந்தத் தரப்பை ஒதுக்குகிறோம் என்று சிந்தித்து ஒதுக்குவதும் ஆகும். முந்தைய பதிலில் தரப்பை ஆசிரியரே ஒதுக்க வேண்டும் என்றேன். உங்களைப் போன்றவரிடம், உங்கள் குடும்பம் இங்கு வந்திருக்கவே கூடாது என்று வாதாடச் சொல்வது அதில் அடங்காது.

கேள்வி: பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கிறோம். ஆசிரியர் தம் அரசியலை அவன் மூளையில் ஏற்றிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அரசியலே பேசாமல் இருந்தால் என்ன? — பெற்றோர் ஒருவர்

பதில்: உங்கள் பயத்தை ஜெர்மானியர்கள் வெகு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்குக் காரணமும் இருந்தது. 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் இடது, வலது இரு முகாம்களையும் சேர்ந்த கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து உருவான மூன்று நெறிகள் இன்றும் அங்கே அரசியல் கல்விக்கு அடிப்படையாக உள்ளன. மாணவரைத் திகைக்கடித்து ஒரு கருத்தை ஏற்கச் செய்யக் கூடாது. அறிஞர்களிடையிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதாக உள்ளதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே காட்ட வேண்டும். மாணவர் ஓர் அரசியல் சூழ்நிலையில் தம் நலன் எது என்று ஆராய்ந்து அதற்காகச் செயல்படும் திறனைப் பெற வேண்டும். இரண்டாம் நெறிப்படி பார்த்தால், பேசாமல் விடுவதும் மீறல்தான். உங்கள் மகன் வகுப்பில் கேட்காத அரசியலைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அங்கே மறுதரப்பை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. ஆசிரியர் எல்லை மீறுகிறாரா என்று அறிய விரும்பினால், மகனிடம் “சார் எந்தக் கட்சி?” என்று கேளுங்கள். வகுப்பில் பார்த்ததை வைத்தே அவன் உடனடியாக உறுதியான பதில் சொன்னால் விசாரிக்கலாம்.

கேள்வி: சொற்போட்டிகளில் பரிசு வாங்கும் மாணவர்கள் வகுப்பு விவாதத்தையும் கைப்பற்றிவிடுகிறார்களே? — வணிகவியல் விரிவுரையாளர்

பதில்: இறுதியில் வாக்கெடுப்பு நடத்தினால் கைப்பற்றத்தான் செய்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றம் 1933 பிப்ரவரியில், எந்தச் சூழ்நிலையிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானத்தை 275க்கு 153 என்ற வாக்குகளில் நிறைவேற்றியபோது, அது ஒரு தலைமுறையின் உறுதிமொழி என்றே உலகம் எடுத்துக்கொண்டது. ஆறே ஆண்டுகளில் போர் வந்தபோது அந்தத் தலைமுறை போரிடவே செய்தது. வாக்கெடுப்பை நீக்கிவிட்டு, அவரவர் மேசையில் இரண்டு சீட்டுகளை வையுங்கள். ஒருமுறை பேசினால் ஒரு சீட்டு போய்விடும். சொல்வன்மை உள்ளவர்கள் அப்போது எப்போது பேசுவது என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் மதிப்பெண் தரலாமா? — அதே வாசகர்

பதில்: தரலாம், நிலைப்பாட்டுக்குத் தரக் கூடாது, அதிகம் பேசியதற்கும் தரக் கூடாது. நான் தருவது எழுத்துக்கு. மாணவர் தாம் ஏற்காத தரப்பை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்; வகுப்பில் அந்தத் தரப்பை உண்மையிலேயே ஏற்பவர் ஒருவர் அதைப் படித்து, விடுபட்டவற்றையும் திரிந்தவற்றையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்; குறிப்புகளைக் கண்டு மாணவர் திருத்தி எழுத வேண்டும். முதல் வரைவையும் திருத்திய வரைவையும் அருகருகே வைத்து, இடையில் நடந்த மாற்றத்துக்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு தருகிறேன். அந்தத் தரப்பை ஏற்பவர் வகுப்பில் ஒருவரும் இல்லையென்றால், அத்தரப்பார் வெளியிட்ட அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யலாம்.

கேள்வி: நாட்டையே உலுக்கும் வன்முறை ஒன்று நடந்த மறுநாள் காலையில், பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பற்றி விவாதிக்க வேண்டுமா? நான் கணிதம் நடத்துகிறேன். — பொறியியல் கல்லூரி ஆசிரியர்

பதில்: விவாதிக்க வேண்டாம். செய்தியே இன்னும் தெளிவாகாத நிலையில், படிக்கத் தாள் இல்லை, தரப்புகள் ஒதுக்கப்படவில்லை, யாருடைய உறவினர் அந்த இடத்தில் இருக்கிறார் என்றும் தங்களுக்குத் தெரியாது. ஆனால் எதுவும் நடக்காதது போலத் தொகையீட்டைத் தொடங்குவதும் சரியில்லை. நடந்ததை ஓரிரு வாக்கியத்தில் குறிப்பிட்டு, வெளியே போக வேண்டியவர் போகலாம் என்று சொல்லி, அன்றைய தேர்வைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். மாணவர்கள் பேச விரும்பினால் ஒரு வாரம் கழித்து நாள் குறித்து, அரசியல் அறிவியல் துறையினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, படிக்க வேண்டியதை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.